களா வேலியும் காட்டாமணக்குக் குச்சிகளும்

களாப்பழத்தைப் பறித்த அன்றைக்கே பிசைந்து கழுவி விதைத்துவிட வேண்டும். நான் இதைச் சொன்னதும் எதிரில் உட்கார்ந்திருந்த பெண் பேனாவை எடுத்துக்கொண்டார். போன மாதம் நெய்வேலி டவுன்ஷிப் தோட்டப் பிரிவிலிருந்து அவரும் இன்னொருவரும் என்னைத் தேடி எங்கள் ஊர் வடக்குத்துக்கு வந்திருந்தார்கள். பூங்காக்களில் இனிமேல் நம் பக்கத்துக் காட்டுச் செடிகளை நிறைய வைக்கப் போகிறார்களாம். பறவைகள் வர வேண்டுமாம். பழைய பதிவேட்டில் 'களா வேலி' என்று ஒரு வரியும் அதன் கீழே என் பெயரும் இருந்ததாம். விதைப்பது, நடுவது, வெட்டுவது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். காபி குடிக்கக்கூட நேரமில்லை அவர்களுக்கு.

அவர்கள் போன பிறகு எனக்கு மனது ஆறவில்லை. செடி வளர்த்ததைச் சொன்னேனே தவிர, அந்தச் செடி பிழைத்த கதையைச் சொல்லவில்லை. அதில் என் தவறும் இருக்கிறது. ஒரு மனிதரின் நல்ல குணமும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் அஞ்சலை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறத்தியார் நிலத்தில் நடவு, களையெடுப்பு, முந்திரி பொறுக்குதல் என்று கூலி வேலை. சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது எங்கள் கூலியும் அதோடு போயிற்று. நெய்வேலியில் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். நிலக்கரி இன்னும் கண்ணில் படாத காலம் அது. என் வீட்டுக்காரர் காண்டிராக்டில் மண் வேலைக்குப் போனார். நான் டவுன்ஷிப் நாற்றுப்பண்ணையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் குடத்தில் தண்ணீர் சுமந்தது, சட்டியில் மண் நிரப்பியது, களை பிடுங்கியது தவிர எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் வருஷம் தேவசகாயம் ஐயா பண்ணைக்கு அதிகாரியாக வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். மெலிந்த உடம்பு. காக்கிக் கால்சட்டை, கையில் ஒரு சின்னக் கத்தரி. நாற்றுக் கொட்டகைக்குள் நுழையும் முன் செருப்பை வெளியே கழற்றிவிடுவார். முதல் நாள் அதைப் பார்த்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் திரும்பிப் பார்த்து, "எல்லா பிளாக் மண்ணையும் மிதிச்சுட்டு வாறேன். அதுல என்ன புழு இருக்கோ, என்ன நோய் இருக்கோ. குஞ்சு நாத்துக்கு எதுக்கு அதைக் கொண்டாந்து குடுக்கணும்?" என்றார். கோபமே இல்லை. மறுநாளிலிருந்து எல்லோர் செருப்புகளும் வெளியே கிடந்தன.

காலையில் வந்ததும் வரிசை வரிசையாக நடப்பார். குனிந்து ஒரு சட்டியின் மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பார். எந்தச் சட்டியைத் தொடுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. நடந்து முடித்த பின், கவிழ்த்து வைத்த ஒரு பெரிய சட்டியில் உட்கார்ந்து தினக்குறிப்பில் அன்றைய வேலையை எழுதுவார். யார், எங்கே, என்ன செய்ய வேண்டும். மாலையில் அதே நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்து, "ஆச்சா?" என்று கேட்பார். "ஆச்சுங்க" என்றால் கோடு போடுவார். அவ்வளவுதான் அவர் அதிகாரம். எனக்கு எழுதத் தெரியும் என்று தெரிந்ததும் தகரத் துண்டுகளில் செடிப் பெயர் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

அப்போது டவுன்ஷிப் என்றால் சிவப்பு மண்தான். பிளாக் பிளாக்காக வரிசையாகக் குவார்ட்டர்ஸ், நேர் நேராக ரோடு, நடுவில் ஒரு நிழல் கிடையாது. காக்கையையும் பருந்தையும் விட்டால் வேறு பறவை பார்க்க முடியாது. வெளியூரிலிருந்து வந்த அழகுச் செடிகளை வேலிக்கு நட்டுப் பார்த்தார்கள். கோடையில் பாதி கருகியது, மீதியை ஆடு தின்றது. தேவசகாயம் ஐயா ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதத்தின் பெயரையும் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் டவுன்ஷிப்பில் ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும், அல்லது பழுத்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பாதி மாதங்களுக்கு எதிரே காலியாக இருந்தது.

ஒரு நாள் நான் மதியச் சாப்பாட்டோடு ஒரு கை களாப்பழம் கொண்டுபோனேன். சுரங்கம் அடுத்துத் தோண்டவிருந்த மேட்டில் களாப்புதர்கள் நிறைய. ஆனி மாதம், நன்றாகக் கறுத்துப் பழுத்திருந்தன. ஐயா அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார்.

"என்ன பழம்மா இது?"

"களாங்க. காட்டுல கெடக்குது. சாப்டுறீங்களா?"

ஒன்றை வாயில் போட்டார். புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

"எப்பம் பூக்கும்?"

"மாசி, பங்குனியில வெள்ளையா பூக்கும். மல்லி மாதிரி வாசன வரும். சித்திரையில செவந்த காயி. அப்புறம் இப்பிடிக் கறுத்துக்கினு வந்துடும். கொண்டக்குருவி ஒண்ண வுடாது."

"ஆடு?"

"முள்ளு இருக்குதில்லீங்க. வளந்த செடிகிட்ட வராது."

ஐயா சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். மாசிக்கு எதிரே, பங்குனிக்கு எதிரே, சித்திரைக்கு, வைகாசிக்கு, ஆனிக்கு என்று ஐந்து இடத்தில் 'களா' என்று எழுதினார். ஒரே செடி ஐந்து கட்டத்தை நிரப்பியதில் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வாரமே மேஸ்திரி கோவிந்தசாமியோடு நாங்கள் எட்டுப் பேர் அந்த மேட்டுக்குப் போய்ப் பழம் பறித்தோம். கொஞ்ச தூரத்தில் எந்திரம் மண்ணை அள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடை கூடையாகக் கொண்டுவந்தோம். மேஸ்திரி, கத்தரி விதை எடுப்பதுபோல விதையெடுத்து நிழலில் பத்து நாள் காய வைத்து விதைத்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை. நான் முன்பே சொல்லிப் பார்த்தேன். "நீ தண்ணி ஊத்தற வேலயப் பாரு" என்றுவிட்டார்.

ஐயா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "காட்டுல இது எங்கன முளைச்சுக் கிடக்கும்?"

"குருவி உக்கார்ற மரத்துக்குக் கீழங்க. அது துன்னுட்டுப் போடுற எடத்துல."

"அப்பம் விதை காயவே இல்ல, இல்லியா?"

"காயலீங்க. ஈரத்தோடதான் வுழுது."

கடைசியாகப் பழுத்த பழங்களைத் தேடிப் பிடித்தோம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பிசைந்தோம். இல்லையென்றால் களாப்பால் விரலில் பசையாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் நாலு தடவை அலசினோம். மிதந்ததைக் கொட்டிவிட்டு அடியில் தங்கியதை மட்டும் எடுத்தோம். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சலித்துக் கலந்த மண்ணில் விரல்நுனி ஆழத்துக்கு அன்று மாலையே போட்டோம். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மண் அங்கங்கே லேசாக விரிந்திருந்தது. ஐயா அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். மேஸ்திரியும் வந்து பார்த்தார். அடுத்த வருஷம் விதை போடும்போது, "அஞ்சல வரட்டும்" என்று காத்திருந்தார்.

களா மெதுவாக வளரும் செடி. ஒரு வருஷம் சட்டியில் வைத்திருந்து, ஒரு பிளாக்கில் இருந்த ஆரம்பப் பள்ளியைச் சுற்றி வேலியாக நட்டோம். இரண்டடிக்கு ஒரு செடி. நட்ட வருஷம் முழங்கால் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டோம். அப்போதுதான் அடியிலிருந்து கிளைக்கும். அதன் பிறகு பழக்காலம் முடிந்த பின்தான் கத்தரி வைக்க வேண்டும் என்பது ஐயாவின் கண்டிப்பு. "முன்னாடி வெட்டுனா பூவையும் வெட்டுறோம், குருவி சாப்பாட்டையும் வெட்டுறோம்" என்பார். முள் பிள்ளைகள் மேல் படாமலிருக்க உள்பக்கம் மூன்றடி விட்டு ஒரு கயிறு கட்டினோம். நான்காம் வருஷம் பங்குனியில் வேலி முழுக்க வெள்ளைப் பூ. தேன்சிட்டு வந்தது. ஆனியில் கொண்டைக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, வகுப்பில் பிள்ளைகள் சன்னலைத்தான் பார்க்கிறார்கள் என்று ஐயாவிடம் வந்து சிரித்துக்கொண்டே புகார் சொன்னார்.

அந்த வருஷம் தினக்கூலியில் சிலரை பெர்மனென்ட் ஆக்குவதற்குப் பட்டியல் தயாரானது. அதில் என் பெயர் இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை அப்படியொரு பட்டியலில் இருந்ததில்லை.

ஆடி கடைசியில் ஒரு மத்தியானம். நான் சட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சைக்கிளில் வேகமாக வந்து இறங்கினார். "அஞ்சல, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மூணு பேரு வாந்தி எடுத்து ஆஸ்பத்திரில கெடக்குதுங்க. வேலியில இருந்த பழத்தத் துன்னுதுங்களாம். நீ தான கெடுதி இல்லன்னு சொன்ன?"

ஐயா அப்போது வேறு பிளாக்கில் இருந்தார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வராந்தாவில் கூட்டம். யாரோ, "அந்தக் கறுப்புப் பழம்தான், வேரோட புடுங்கணும்" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வார்டில் மூன்று கட்டில்கள். இரண்டு பையன்கள் சோர்ந்து படுத்திருந்தார்கள். மூன்றாவது, சுமதி என்ற ஏழு வயதுப் பெண். அவளுக்குத்தான் அதிகம். கண் சொருகியிருந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா சரோஜா உட்கார்ந்திருந்தார். கோலார் தங்கவயலில் வேலை பார்த்துவிட்டு இங்கே எந்திர ஆபரேட்டராக வந்தவரின் மனைவி.

நான் அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தேன். களாப்பழம் தின்ற கை கருஞ்சிவப்பாகக் கறை பிடித்திருக்கும். உதட்டில் களாப்பால் ஒட்டியிருக்கும். இந்தக் கை சுத்தமாக இருந்தது. மூன்று பிள்ளைகள் கையும் சுத்தம். பக்கத்துக் கட்டில் பையனிடம் குனிந்து கேட்டேன்.

"கண்ணு, பழம் புளிச்சுதா?"

அவன் தலையை ஆட்டினான். "இல்ல. ஒடச்சா உள்ள வெள்ளையா இருந்துச்சு. வேர்க்கடல மாதிரி நல்லா இருந்துச்சு."

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. அது களா இல்லை. காட்டாமணக்குக் கொட்டை. தின்ன ருசியாக இருக்கும், ஆனால் விஷம்.

அந்தக் காட்டாமணக்கு அங்கே எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரியும். நானே நட்டது. களாக்கன்று சின்னதாக இருந்தபோது ஆட்டுக்குப் பயந்து வெளிப்பக்கம் காட்டாமணக்குக் குச்சிகளை ஊன்றினோம். ஆடு அதைத் தொடாது. எங்கள் ஊர் வழக்கம். குச்சி மண்ணில் பட்டால் வேர் விட்டுவிடும். அதனால் களா இடுப்புயரம் வந்ததும் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று ஐயா தினக்குறிப்பில் எழுதினார். மூன்று பக்கம் பிடுங்கினேன். பின்பக்கம், சாக்கடை ஓரம் ஆடு இன்னும் வருகிறதே, ஒரு பருவம் போகட்டும் என்று நானாக விட்டேன். மாலையில் அவர் "ஆச்சா?" என்று கேட்டபோது, "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். பிறகு மறந்தே போனேன். குச்சிகள் களாவுக்குள்ளேயே வளர்ந்து காய்த்திருக்கின்றன.

பேசாமல் இருந்தால் பழி களாவின் மேல் போகும். பட்டியலில் என் பெயர் அப்படியே இருக்கும். இதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். ஆனால் டாக்டரம்மா நர்ஸிடம், "என்ன சாப்பிட்டாங்கன்னு சரியாத் தெரியலையே" என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

"அம்மா, அது களா இல்லீங்க. காட்டாமணக்குக் கொட்ட. வேலியில நாந்தான் குச்சி நட்டேன். எடுக்காம வுட்டுட்டேன்" என்றேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நிச்சயமா தெரியுமா? எத்தனை கொட்டை?" என்று கேட்டார். பையனிடம் கேட்டுச் சொன்னேன். அவன் நான்கு விரல் காட்டினான். சுமதி இன்னும் அதிகம் என்றான். அவர் உடனே நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

சரோஜா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயா நட்ட? பள்ளிக்கூடத்துலயா?" அவ்வளவுதான் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பண்ணைக்குத் திரும்பி வந்து ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், "ஆச்சுங்க" என்று பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. மூன்றே கேள்வி கேட்டார்.

"எத்தனை குச்சி விட்டீங்க?"

"ஏழெட்டு இருக்கும்ங்க."

"வேற எந்த வேலியிலயாவது வச்சீங்களா?"

"இல்லீங்க."

"இப்பம் அங்கன யாரு நிக்கா?"

யாரும் இல்லை. அவர் சைக்கிளை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பள்ளிக்குப் போனதும் முள்ளைப் பொருட்படுத்தாமல் வேலிக்குள் கையை விட்டு ஒவ்வொரு குச்சியாக அடையாளம் காட்டச் சொன்னார். ஒன்பது இருந்தன. வேரோடு பிடுங்கினோம். கீழே உதிர்ந்த கொட்டைகளை மண்டியிட்டுப் பொறுக்கி, முளைக்காத ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தோம். அவர் முழங்கையெல்லாம் கீறி ரத்தம். அதன் பிறகு, நான் சொன்னது போதாது என்று, பொழுது சாயும் வரை நாங்கள் போட்ட எல்லா வேலிகளையும் ஒவ்வொரு அடியாக நடந்து பார்த்தார்.

மறுநாள் காலை பண்ணை திறந்ததும் அறிக்கையை எழுதி, மேலே அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டினார். குச்சிகளை எடுக்கச் சொல்லி உத்தரவு கொடுத்த தேதி. வேலையாள் அஞ்சலை ஒரு பக்கத்து வேலையை முடிக்காமல் முடிந்ததாகச் சொன்னார். அடுத்த வரி: 'நான் நேரில் போய்ப் பார்க்காமல் கோடு போட்டேன்.' அதற்கும் கீழே, தன்னுடைய தவறைத் தானே ஆஸ்பத்திரியில் சொன்னவர் அந்த வேலையாள்தான் என்றும், களாச்செடியால் கெடுதி இல்லை என்றும் எழுதியிருந்தார்.

"ஐயா, ஒங்க பேர எதுக்குங்க எழுதுறீங்க? தப்பு என்னுதுதான?" என்றேன்.

"உங்க பேரும் இருக்கு, எம்பேரும் இருக்கு. ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி இது பொய்யாப் போயிரும்லா?" என்றார்.

அதற்குள் வேலியைப் பிடுங்கச் சொல்லி வேறொரு அதிகாரி ஆள் அனுப்பிவிட்டார். நாங்கள் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது கடப்பாரையால் பத்துப் பன்னிரண்டு செடிகளைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். ஐயா அறிக்கையோடு அலுவலகத்துக்குப் போனார். நான் கடப்பாரைக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "செத்த நேரம் நில்லுங்க, கடுதாசி வந்துடும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். அவரும் நின்றதால்தான் அவர்கள் நிறுத்தினார்கள் என்று நினைக்கிறேன். பகல் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

பையன்கள் இருவரும் இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். சுமதி நான்கு நாள் இருந்தாள். நான்கு நாளும் வேலை முடிந்ததும் வார்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே போகவில்லை. கடைசி நாள் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து கஞ்சி குடிப்பது தெரிந்தது. அன்றைக்குத்தான் வீட்டில் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

எனக்கு எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை வந்தது. பட்டியலிலிருந்து என் பெயர் போனது. ஐயாவுக்கும் ஒரு கடிதம் வந்ததாக மேஸ்திரி சொன்னார். அவர் அதைப் பற்றி எங்களிடம் பேசியதில்லை. ஒன்று மட்டும் மாறியது. அதன் பிறகு மாலையில் "ஆச்சா?" என்று கேட்பதை விட்டுவிட்டார். "வாங்க, பாப்போம்" என்று எழுந்து நடப்பார். நாங்களும் கூட நடப்போம். நான் மேஸ்திரியான பிறகும் அப்படித்தான் செய்தேன். அடுத்து வந்த பட்டியலில் என் பெயரை எழுதியவரும் அவர்தான். நான் யாரென்று, என்ன செய்தேனென்று தெரிந்தே எழுதினார். பெர்மனென்ட் ஆனதில் அதுதான் எனக்குப் பெரிசு.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. பெயர்த்த இடத்தில் புதுக் கன்றுகள் நட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். சரோஜா. கையில் சுமதியைப் பிடித்திருந்தார். நான் எழுந்து சேற்றுக் கையோடு நின்றேன்.

"இது கெடுதி இல்லாததுதானே?" என்று கன்றைக் காட்டிக் கேட்டார்.

"இல்லீங்க. முள்ளு மட்டும் குத்தும்."

"காலையில பள்ளிக்கூடத்துல விட வர்றப்ப குருவிங்க கத்துறது கேக்குது. எங்க குவார்ட்டர்ஸ் வெறிச்சுனு கெடக்குது. ரெண்டு செடி குடுப்பியா அக்கா?"

அக்கா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணைச் சேற்றுக் கையால் துடைக்க முடியாதே. மறுநாள் ஐயாவிடம் கேட்டு, நல்லதாகப் பார்த்து இரண்டு கன்றுகள் எடுத்துக்கொண்டு அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். குழியை நான் வெட்டினேன். கன்றை சரோஜா பிடித்துக்கொண்டார். மண்ணைத் தள்ளியது சுமதி.